பிங்க் ஃப்ளாய்டுக்குள் நுழைய எது சரியான வாசல்?

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைக் கேட்டுப் பார்த்துவிட்டு ‘ஒட்டவில்லை’ என்று விலகியவர்களிடம் எதிலிருந்து தொடங்கினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். எல்லாரும் புகழ்கிறார்களே என்று 1973இல் வந்த ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தைப் போட்டிருப்பார்கள். அல்லது, முறையாக வரிசைப்படி கேட்போம் என்று 1967இன் முதல் ஆல்பமான ‘த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’ பக்கம் போயிருப்பார்கள். இரண்டும் அருமையான ஆல்பங்கள். ஆனால் தொடக்கத்துக்குத் தோதானவை அல்ல. ‘டார்க் சைட்’ இழைத்து இழைத்து மெருகேற்றப்பட்டது. எந்த ஒலி எங்கிருந்து வந்தது என்ற தடயமே அதில் இருக்காது. அரைக் கவனத்தில் கேட்டால் பின்னணி இசையாகக் கரைந்துவிடும். ‘பைப்பர்’ கிட்டத்தட்ட வேறொரு குழுவின் வேலை. பாடகர் வேறு, கிட்டார் வேறு, எழுதிய மனமும் வேறு.

இரண்டுக்கும் நடுவே, 1971இன் கடைசியில் வந்த ‘மெடில்’ இருக்கிறது. அதன் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி: ‘எக்கோஸ்’, 23 நிமிடத்துக்கும் மேல். சைகடெலிக் ராக் (போதை மயக்கம்போல் கட்டற்று அலையும் இசை) எப்படிப் புராக்ரஸிவ் ராக்காக (திட்டமிட்டுக் கட்டிய நீண்ட இசை) மாறியது என்பதை ஒரே இடத்தில் கேட்க வேண்டுமென்றால் இதைவிடத் தெளிவான பதிவு கிடையாது. தையல் இன்னும் வெளியே தெரிகிறது, துணியோ ஏற்கெனவே முதல்தரம்.

1968 ஜனவரிக்கு முன்னும் பின்னும்

குழு லண்டனில் 1965இல் உருவானது. ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தவர்கள். சிட் பேரட் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஓவிய மாணவர். குழுவுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதல் பெயர்களைச் சேர்த்து ஒட்டினார்.

1966 டிசம்பரில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் யுஎஃப்ஓ கிளப் தொடங்கியது. சுவரிலும் ஆட்கள் மேலும் வண்ணக் குழம்பு நெளியும் ஸ்லைடு ஒளியில் இவர்கள் வாசித்தது பெரும்பாலும் நீண்ட கற்பனை வாசிப்பு, அதாவது முன்கூட்டி அமைக்காமல் அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது. ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ அதற்கு நல்ல மாதிரி. கிட்டாரில் கீழே இறங்கிவரும் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு), அது உடைந்து சிதறுகிறது, அடுத்து எங்கே போகிறோம் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாத ஒரு நடுப்பகுதி, பிறகு அதே ரிஃப். ஆல்பத்தில் இது 9 நிமிடத்துக்கு மேல் ஓடும். அமைப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான். வாசிப்பவரின் அந்த நேரத்து மனநிலைதான் மிச்சத்தை நிரப்ப வேண்டும். பேரட்டிடம் அது நிறைய இருந்தது. லைட்டரைக் கம்பிகள்மேல் இழுத்து, எக்கோ பெட்டி வழியாக அனுப்பி, கிட்டாரை கிட்டார்போல் ஒலிக்காமல் செய்தவர் அவர்.

1967 முடிவதற்குள் எல்எஸ்டி என்ற போதைமருந்தும் மனநலச் சிக்கலும் சேர்ந்து அவரை மேடையில் நிற்கவே முடியாதவராக்கின. கிட்டார் வாசிக்க டேவிட் கில்மர் உள்ளே வந்தார். 1968 ஜனவரியில் சில நிகழ்ச்சிகளில் ஐந்து பேராக நின்றார்கள். பிறகு ஒருநாள் நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் பேரட்டை ஏற்றிக்கொள்ளவே இல்லை. ஏப்ரலில் விலகல் அறிவிக்கப்பட்டது. குழுவின் மேலாளர்கள் பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும் எதிர்காலம் பேரட்டிடம்தான் என்று கணக்குப்போட்டு அவரோடு போய்விட்டார்கள். அன்றைய நிலையில் அதைத் தப்புக்கணக்கு என்று சொல்ல முடியாது. மிச்சமிருந்தவர்களில் பாட்டு எழுதத் தெரிந்தவர் என்று யாரும் தேறியிருக்கவில்லை.

அந்த ஓட்டைதான் குழுவை மாற்றியது. மூன்று நிமிடப் பாட்டுக்கு மெட்டும் வரியும் வேண்டும். 12 நிமிட இசைக்குத் திட்டம் இருந்தால் போதும். 1968இல் வந்த இரண்டாம் ஆல்பத்தின் தலைப்பு உருப்படியான ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ அப்படித்தான் பிறந்தது. வாட்டர்ஸும் மேசனும் அதைக் கட்டட வரைபடம்போல் தாளில் வரைந்துகொண்டார்கள். இந்த இடத்தில் ஏற்றம், இங்கே இறக்கம், இங்கே மோதல், கடைசியில் அமைதி. கற்பனை வாசிப்பு அதே சைகடெலிக் வாசிப்புதான். அதற்குச் சுவரும் தளமும் இப்போது வந்துவிட்டன. புராக்ரஸிவ் என்றதும் வேகமான விரல்களையும் சிக்கலான தாளங்களையும் நினைப்பது வழக்கம். பிங்க் ஃப்ளாய்டில் அந்தச் சொல்லுக்குக் கட்டுமானம் என்பதே பொருள். நால்வரில் யாரும் யெஸ், கிங் க்ரிம்ஸன் குழுக்காரர்களைப்போல் கைவேகக்காரர்கள் அல்லர், அதை ஒளிக்கவும் இல்லை.

அடுத்த மூன்று வருடம் நேர்கோட்டில் போகவில்லை. 1969இன் ‘உம்மகும்மா’வில் ஆளுக்கு அரைப் பக்கம் பிரித்துக்கொண்டு தனித்தனியே பதிந்த தட்டு பெரும்பகுதி வீண். 1970இன் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ தலைப்பு உருப்படியில் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்திசைக் குரலும் ரான் கீஸின் என்ற இசையமைப்பாளரின் உதவியுடன் சேர்ந்தன. அதில் தாளம் ஆங்காங்கே தள்ளாடும். அதற்கு ஒரு காரணம் உண்டு. எட்டு ஒலிகளைத் தனித்தனியே பதியும், புதிதாக வந்த எட்டு டிராக் டேப்பை வெட்டி ஒட்டக் கூடாது என்று ஸ்டூடியோவில் கட்டுப்பாடு இருந்தது. அதனால் மேசனும் வாட்டர்ஸும் 23 நிமிடத்துக்கான டிரம்ஸையும் பேஸையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியதாயிற்று. ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. குழுவினரோ பிற்பாடு அதைப் பற்றி நல்லதாகச் சொன்னது அரிது.

‘எக்கோஸ்’: அடுக்கு அடுக்காக

1971 ஜனவரியில் அபே ரோடு ஸ்டூடியோவுக்குள் போனபோது கையில் பாட்டு எதுவும் இல்லை. மற்றவர் என்ன வாசித்தார் என்று கேட்காமலே ஆளாளுக்குத் துண்டு துண்டாகப் பதிவு செய்தார்கள். ‘முதல் இரண்டு நிமிடம் காதல் உணர்வு, அடுத்த இரண்டு வேகம்’ என்பதுபோன்ற குறிப்பு மட்டுமே பொது. சேர்ந்த துண்டுகளுக்கு ‘நத்திங்’ என்று எண் போட்டார்கள், 24 வரை. பெரும்பாலானவை பெயருக்கேற்பத்தான் இருந்தன. ஒன்று மட்டும் தப்பியது.

ரைட்டின் பியானோவை மைக் வைத்து லெஸ்லி ஸ்பீக்கருக்கு அனுப்பினார்கள். ஆர்கனுக்காக உண்டான மரப்பெட்டி அது. உள்ளே ஒலிக்குழல் சுழலும், ஒலி நெருங்கி நெருங்கி விலகும், அதனால் சுருதியே லேசாக ஏறி இறங்கும். ரைட் மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு ‘பி’ சுரத்தைத் தட்டினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் சத்தம்போல் அந்த ‘பிங்’ வந்தது. எளிமையான வேலை என்று தோன்றும். ஆனால் முறையான பதிவின்போது எத்தனை தடவை முயன்றும் பியானோவும் லெஸ்லியும் சேர்ந்து கொடுத்த அந்த அதிர்வு திரும்ப வரவே இல்லை. கடைசியில் மாதிரிப் பதிவையே எடுத்து ஆல்பத்தின் தொடக்கத்தில் ஒட்டினார்கள். ‘எக்கோஸ்’ சி ஷார்ப் மைனரில் இருக்கிறது. அதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அந்தப் ‘பி’ கைசிகி நிஷாதம். சாய்ந்து உட்காராமல் ஷட்ஜத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிற சுரம். முதல் நிமிடத்தில் ஏதோ வரப்போகிறது என்ற எண்ணம் ஏற்படுவது இதனால்தான்.

ஏப்ரலில் நார்விச் நகர மேடையில் ‘ரிட்டர்ன் ஆஃப் த சன் ஆஃப் நத்திங்’ என்ற பெயரில் இது அரங்கேறியது. பதிவு முடியாத நிலையிலேயே மேடையில் வாசித்து வாசித்துக் கூர் தீட்டினார்கள். அப்போதைய வரிகள் கிரகங்களின் சந்திப்பைப் பற்றியவை. விண்வெளிக் குழு என்று முத்திரை குத்தப்பட்டதில் வாட்டர்ஸுக்குச் சலிப்பு. அதனால் வரிகளைக் கடலுக்கடியில் இறக்கி, முன்பின் தெரியாத இருவர் தெருவில் எதிர்ப்படும் காட்சிக்குக் கொண்டுவந்தார். அபே ரோட்டில் அப்போது எட்டு டிராக் வசதிதான் இருந்தது. அது போதாமல் 16 டிராக் இருந்த ஏர் ஸ்டூடியோவுக்கு வேலையை மாற்றினார்கள்.

கேட்கும்போது நிமிடத்தைக் கவனித்தால் கட்டுமானம் புலப்படும். ஏறத்தாழ மூன்றாம் நிமிடத்தில் கில்மரும் ரைட்டும் சேர்ந்து பாடத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் அரைச்சுரம் அரைச்சுரமாகப் படியிறங்கும் ஒரு ரிஃப். ஏழாம் நிமிடத்தில் பாட்டு ஃபங்க் தாளத்துக்கு மாறும். பேஸும் டிரம்ஸும் ஒரே இடத்தில் சுழல, ஆர்கனும் கிட்டாரும் மேலே உரசிக்கொள்ளும். பதினோராம் நிமிடம் தாண்டியதும் அந்தத் தாளம் அப்படியே மங்கி, காற்றும் கத்தலுமாக ஒரு பாழ்வெளி திறக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் எழுந்துபோவது இங்கேதான்.

அந்தக் காற்று சிந்தசைசர் அல்ல. வாட்டர்ஸ் பேஸ் கிட்டாரின் கம்பிமேல் ஸ்லைடை (கம்பியில் வழுக்கி இழுக்கும் குழாய்) இழுத்து, பின்சன் எக்கோரெக் வழியாக அனுப்பிய ஒலி. எக்கோரெக் மிலானில் தயாரான எக்கோ பெட்டி. மற்ற பெட்டிகளில் டேப் ஓடும், இதில் ஓடுவது காந்தப் பரப்புள்ள ஒரு சுழல் தட்டு. அதைச் சுற்றி, பதிந்த ஒலியைத் திரும்ப ஒலிக்கவிடும் நான்கு பிளேபேக் ஹெட்கள். எந்த ஹெட் பேச வேண்டும் என்பதை ஒரு சுவிட்சைத் திருப்பித் தேர்ந்தெடுக்கலாம். நான்கும் சமதூரத்தில் இருப்பதால் திரும்பி வரும் ஒலிகள் தாமே ஒரு தாளக்கட்டாக அமையும். பேரட்டிலிருந்து கில்மர் வரை இந்தக் குழுவின் ‘வெளி’ என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு இந்தப் பெட்டிக்கு உண்டு.

கடற்பறவைபோல் வீறிடுவது கில்மரின் கிட்டார். காலால் மிதித்து கிட்டாரின் நாதத்தை மாற்றும் வா-வா பெடலில் ஒயர்களைத் தலைகீழாகச் செருகினால் இது கிடைக்கும்: கிட்டாரை வெளியீட்டுத் துளையிலும் ஆம்ப்ளிஃபயரை உள்ளீட்டுத் துளையிலும். பெடலின் சுற்று தானே அலறத் தொடங்கும். அந்த அலறலின் சுருதியைக் கிட்டாரின் டோன் குமிழைத் திருகி ஏற்றலாம், இறக்கலாம். யாரோ தவறாக மாட்டியதால் தற்செயலாகக் கிடைத்த ஒலி இது. வீட்டில் செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிட்டாரின் பிக்அப்பும் பெடலின் சுற்றும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால்தான் இந்த அலறல் எழும். இடையில் இரண்டையும் பிரிக்கும் பஃபர் சுற்று உள்ள புதிய பெடல்களில் பெரும்பாலும் எழாது. பழைய மாடல் பெடல் வேண்டும். ஆம்ப்ளிஃபயர் ஒலியையும் முதலில் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், அலறல் எச்சரிக்கை இல்லாமல் வரும்.

பதினைந்தாம் நிமிடத்தை ஒட்டி அந்தப் ‘பிங்’ திரும்ப வருகிறது. இந்த ஒரு கணத்துக்காகத்தான் பாழ்வெளியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. 1967இல் இவர்கள் இப்படி ஒரு வெளிக்குள் போனால் திரும்புவது வாசிப்பவரின் விருப்பம். இங்கே திரும்புதல் முன்பே வரையப்பட்டிருக்கிறது. ஆர்கன் எழ, கையால் அடக்கி வாசித்த கிட்டார் எக்கோவில் பெருகி உச்சம் தொட்டு, ஏறத்தாழ 19ஆம் நிமிடத்தில் மூன்றாம் சரணத்தில் கொண்டுபோய் விடும். முடிவில், ஏறிக்கொண்டே இருப்பதுபோல் ஒரு குரல்மூட்டம். அறையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்து, ஒன்றில் பதிவாவதை மற்றொன்றில் தாமதமாக ஒலிக்கவிட்டுத் தயாரித்தார்கள்.

ஏன் 23 நிமிடம் என்றால், எல்பி தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் தாங்கும். 25 நிமிடத்தை நெருங்க நெருங்கப் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருக்கும், ஒலியளவும் பேஸும் குறையும். அந்தக் காலத்து நீண்ட உருப்படிகள் பல 18 முதல் 24 நிமிடத்துக்குள் நிற்பதற்கு இந்தத் தட்டின் அளவே காரணம். ராகம் தானம் பல்லவிக்குப் பழகிய காதுக்கு இது நீளமே இல்லை.

கேட்கும்போது எங்கே கெடும்

முதலில், எந்தப் பதிவைப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். 2001இல் வந்த தொகுப்புக்கும் ‘எக்கோஸ்’ என்றே பெயர். அதில் இந்த உருப்படியை ஏறத்தாழ ஏழு நிமிடம் வெட்டி 16 நிமிடச் சொச்சமாக்கியிருக்கிறார்கள். வெட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கட்டுமானம் போய்விட்டது. தேடும்போது அதுவே மேலே வர வாய்ப்புண்டு. நேரம் 23 நிமிடத்துக்குக் குறைவாகக் காட்டினால் விட்டுவிட்டு ‘மெடில்’ ஆல்பத்துக்குள் போய் எடுங்கள்.

செயலியில் ஷஃபிளையும் (வரிசை மாற்றிப் போடுவது) கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டின் முடிவை மங்கவிட்டு அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) அணைத்துவிடுங்கள். கிராஸ்ஃபேட் இருந்தால் ‘மெடில்’ முதல் பாட்டின் முடிவில் எழும் காற்றொலி இரண்டாம் பாட்டுக்குள் கலக்கும் இடம் சேதமாகும். ‘டார்க் சைட்’ கேட்கும்போது இது இன்னும் மோசம், அங்கே பாட்டுகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் பாட்டுவாரியாக வைக்காமல் ஆல்பம்வாரியாக வையுங்கள்.

தொடக்கத்துப் ‘பிங்’ மிக மெல்லியது. அது கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டினால் ஃபங்க் பகுதி வரும்போது ஓடிப்போய்க் குறைக்க வேண்டியிருக்கும். எட்டாம் நிமிடத்துக்குத் தாவி, அங்கே காதுக்கு இதமான அளவை வைத்துக்கொண்டு, பூஜ்யத்துக்குத் திரும்புங்கள். அறை அமைதியாக இருந்தால் தொடக்கம் தானே கேட்கும்.

போன் ஸ்பீக்கரும் ஒற்றைப் பெட்டி புளூடூத்தும் உதவாது. முதல் பாட்டான ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ இரண்டு பேஸ் கிட்டார்களால் ஆனது. வாட்டர்ஸ் ஒன்று, கில்மர் ஒன்று, இரண்டும் எக்கோரெக் வழியாக, இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று. ஒன்றில் பழைய கம்பி, அதனால் ஒரு காதில் நாதம் பளிச்சென்றும் மறுகாதில் மொத்தையாகவும் வரும். இடம் வலம் பிரியாத மோனோவில் இரண்டும் ஒன்றாகிவிடும். பேஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், அதைச் சிறு ஸ்பீக்கர் தொடக்கூட முடியாது. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒயர் வைத்த சாதாரண ஹெட்போன் போதும், ஈக்வலைசரில் பேஸைக் கூட்டாமல்.

முதல் தடவை ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ கேட்டுவிட்டு நேராக ‘எக்கோஸ்’ போகலாம். நடுவில் ‘ஃபியர்லெஸ்’ நல்ல பாட்டு, லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் பாடுவது அதில் கலந்திருக்கும். ‘சீமஸ்’ ஒரு நாயை ஊளையிட வைத்து எடுத்த இரண்டு நிமிட விளையாட்டு. தாண்டிப் போனால் ஒன்றும் குறையாது.

அடுத்து

‘மெடில்’ பிடித்துவிட்டால் அடுத்தது ஆல்பம் அல்ல, படம். 1971 அக்டோபரில் ஏட்ரியன் மேபன் என்ற இயக்குநர் இத்தாலியின் பாம்பெய்யில் உள்ள பழைய வட்ட அரங்கில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல், குழுவை வாசிக்க வைத்துப் படம்பிடித்தார். கருவிகளுக்கு மின்சாரம் போதாமல் நாட்கள் வீணாயின, பிறகு ஊருக்குள்ளிருந்து நீளக் கேபிள் இழுத்தார்கள். ‘எக்கோஸ்’ எப்படி நால்வர் கையால் மட்டும் எழுகிறது என்பதை இதில் கண்ணாலேயே பார்க்கலாம். ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ காட்சியில் கேமரா மேசனை விட்டு அதிகம் நகராது. மற்ற ரீல்கள் தொலைந்துபோனதால் வந்த வினை. ஆனால் அதிர்ஷ்டமும்கூட. நடுவில் ஒரு குச்சி கைநழுவிப் போகும், தாளம் தவறாமல் இன்னொன்றை எடுத்துத் தொடர்வார். ‘சாசர்ஃபுல்’ உருப்படியையும் இந்தப் படத்தில் கேட்பதே நல்லது, ஸ்டூடியோ பதிவைவிட இது வலுவானது. 2025இல் புது ஒலிக்கலவையுடன் திரும்ப வெளியாகியிருப்பதால் பழைய மங்கல் பிரதிகளைத் தேட வேண்டியதில்லை.

அதன்பிறகு ‘டார்க் சைட்’. இப்போது அது வேறு ஆல்பமாகக் கேட்கும், ஏனென்றால் வேலைமுறை பழகிவிட்டிருக்கும். 1972 ஜனவரியிலிருந்தே மேடையில் வாசித்து, ஒரு வருடம் கழித்து வெளியிட்டார்கள், ‘எக்கோஸ்’ செய்த அதே வழியில். ‘மணி’ (Money, பணம்) பாட்டின் தொடக்கத்தில் காசும் கிழிபடும் தாளும் கல்லாப்பெட்டியும் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் வருவது, டேப்பை ஸ்கேலால் அளந்து வெட்டி வளையமாக ஒட்டியதால். கில்மரின் கிட்டார் தனி தொடங்கும்போது தாளம் நான்குக்கு மாறும், எண்ணிப் பாருங்கள். ‘ஆன் த ரன்’ ஓட்டம் சிந்தசைசரில் எட்டே சுரங்களைப் போட்டு வேகத்தைக் கூட்டியது. ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’யில் வார்த்தையே இல்லாமல் பாடும் கிளேர் டோரிக்கு அன்று கிடைத்த சம்பளம் 30 பவுண்டு. 2004இல் வழக்குப் போட்டு, சமரசத்துக்குப் பிறகே இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது.

‘பைப்பர்’ கடைசியில். பின்னால் வந்த பெருங்கட்டுமானங்களைப் பார்த்தவருக்குப் பேரட்டின் குழந்தைத்தனமான, கோணலான சின்னப் பாட்டுகள் ஏன் இன்றும் சிலரைப் பைத்தியமாக்குகின்றன என்று அப்போதுதான் புரியும். மோனோ கலவை கிடைத்தால் அதை எடுங்கள். 1967இல் அக்கறையோடு செய்தது அதைத்தான், 2007இன் மூன்று தட்டுப் பதிப்பில் மோனோ, ஸ்டீரியோ இரண்டுமே உண்டு. அமெரிக்காவில் அப்போது வெளியான தட்டில் மூன்று பாட்டுகளைத் தூக்கிவிட்டு ‘சீ எமிலி ப்ளே’யை முதலில் வைத்தார்கள். ‘அஸ்ட்ரானமி டாமினி’யில் தொடங்கி ‘பைக்’கில் முடிந்தால் கையில் இருப்பது சரியான வரிசை.